வாகைப்புலத்துக்கு ஒதுக்கப்பட்ட குதிரை

அன்று காலை அம்சம் கடைசியாகக் குறைப்பட்டுக்கொண்டது கருவாட்டைப் பற்றி. கோடியக்கரைக் கருவாட்டுக்காரி மேலே முழு மீனாக அடுக்கி, அடியில் தூளைக் கொட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டாள். "ஒங்கள வாங்கச் சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று புருஷன் மருதையனிடம் சொல்லிவிட்டு, அந்தத் தூளையே சட்டியில் வறுத்துப் பழைய சோற்றுக்கு வைத்தாள். மகள் பொன்னுத்தாய் அப்போது நாலு வயதுப் பிள்ளை. அவள் வாயில் ஓர் உருண்டையைத் திணித்து, "முள்ளு இல்ல, முழுங்கு. நாகம்மா அத்தகிட்ட சமத்தா இரு. பெரிய திடல் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்" என்றாள்.

பெரிய திடலில் அன்று அவளுக்கு வேலை எதுவும் இல்லை. கீழத்தெரு ஆட்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள் என்பதற்காக மிராசுதார் அம்பலவாணர் அறுப்புக்கு வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கியிருந்தார். வயலுக்குப் போகும் வண்டிப்பாதை அந்தத் திடல் வழியாகத்தான் போகும். கீழத்தெருப் பெண்கள் லாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வெயில் ஏறியபோது மிராசுதார் வந்தார். கூடவே அவருடைய துப்பாக்கியும் வந்தது. சத்தம் கேட்டு மற்றப் பெண்கள் எழுந்து ஓடினார்கள். அம்சம் எழுந்திருக்கவில்லை.

விசாரிக்க வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். 'திடலில் கால் வழுக்கி விழுந்ததில் மரணம்' என்று எழுதி, எழுதியதை மருதையனுக்குப் படித்தும் காட்டினார்.

"நெஞ்சுல ஓட்டை இருக்குங்களே" என்றான் மருதையன்.

"விழுந்த எடத்துல கல்லு கெடந்திருக்கும்."

"முதுகு வழியா வெளிய போயிருக்குங்களே, ஐயா."

"கூரான கல்லுப்பா" என்றார் இன்ஸ்பெக்டர், சலித்துக்கொள்ளாமல்.

அதற்குப் பிறகு சில தை மாதங்கள் வந்து போயின. பொன்னுத்தாய் வாகைப்புலம் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு வந்தாள். கீழத்தெருவிலிருந்து எந்தப் பெண்பிள்ளையும் அதுவரை ஐந்தாம் வகுப்பைப் பார்த்ததில்லை. நான்கு வந்ததும் நாற்றுக்கட்டு தூக்கப் போய்விடுவார்கள். மருதையன் சங்கத்துக்காரர்கள் நடத்திய இரவுப் பள்ளியில் எழுத்துக்கூட்டக் கற்றவன். தனக்குத் தெரிந்ததைவிட ஒரு வகுப்பாவது கூடுதலாக மகளுக்குத் தெரிய வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்குமேல் ஆசைப்பட அவன் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த வருஷம்தான் சென்னையிலிருந்து அந்தச் சுற்றறிக்கை புறப்பட்டது. வரலாறு இனிமேல் புத்தகத்திலிருந்து அல்ல, வீட்டிலிருந்து தொடங்கும் என்று அதில் இருந்தது. தமிழ் மண்ணின் ஒவ்வொரு ஊரும் வீர வரலாறு உடையது. அதை மாணவச் செல்வங்கள் பெற்றோரிடம் கேட்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும். முதல் கேள்வியையும் அவர்களே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள்: 'உங்கள் ஊருக்கு வருகை தந்த மன்னர் யார்?'

பள்ளியின் ஒரே ஆசிரியர் இராஜாங்கம். நல்லவர். நல்லவராகவே ஓய்வுபெற விரும்பியவர். கேள்வியைப் பலகையில் எழுதிப் போட்டு, மறுநாள் ஒவ்வொருவராக எழுப்பி விடை கேட்டார்.

"கூத்துல வந்த ராஜா சார்" என்றாள் ஒரு பிள்ளை. "கிரீடத்தக் கழட்டி வச்சுட்டு எங்க வீட்டுலதான் சோறு தின்னாரு. ரசம் கேட்டாரு."

கடைக்கார ஜெக்கரியாவின் மகள் கமருன்னிஸா எழுந்தாள். "மன்னர் வரலையாம் சார். வந்திருந்தா எங்க கடையிலதான் சர்பத் குடிச்சிருப்பாராம். ஊருல வேற கடை இல்லன்னு வாப்பா சொன்னாங்க."

பொன்னுத்தாய் முறை வந்தது. "எங்கப்பாவும் மன்னர் வரலன்னுதான் சொன்னிச்சு சார். போலீசுதான் வந்துச்சாம். எங்கம்மாவப் பெரிய திடல்ல சுட்டப்பறம் வந்துச்சாம்."

இராஜாங்கம் கையிலிருந்த சாக்குக்கட்டி கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. இரண்டையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு, மருதையனுக்கு ஆள் விட்டார்.

"வாய்யா மருதையா. பச்சப் புள்ளைக்கி என்னத்தச் சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்க?"

"வீட்டுல கேட்டு வரச் சொன்னீங்களாம். கேட்டுச்சு. சொன்னேங்க."

"கேட்டது சரித்திரம். நீ சொன்னது நடந்தது."

"ரெண்டும் வேற வேறங்களா?"

"ஒரு விசயம் சரித்திரமாவணும்னா நூறு வருஷமாவது ஆவணும்யா. அதுக்கு முன்ன எடுத்தம்னா கையச் சுட்டுரும்."

மருதையன் யோசித்தான். "அதுவரைக்கும் அதுக்கு என்ன பேருங்க?"

"அதுவரைக்கும் அது சட்டம் ஒழுங்கு" என்றார் இராஜாங்கம். சொன்ன பிறகு தானே பயந்துபோய் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

'வாகைப்புலம்: மன்னர் வருகை இல்லை' என்று அவர் அறிக்கை அனுப்பினார். அது போய்ச் சேர்ந்த வேகத்தில் ஒரு ஜீப் வந்து சேர்ந்தது. அதிலிருந்து கல்வித் துணை ஆய்வாளர் எழிற்கோ இறங்கினார். பதவி உயர்வுக்கு முன்னால் அவர் பெயர் சுந்தரராஜுலு. பள்ளிக்கூட வாசலில் ஊரைக் கூட்டி வைத்து, மூச்சு விடாமல் பேசினார்.

"அருமைப் பெருமக்களே! மன்னர் மிதிக்காத மண் தமிழகத்தில் உண்டா? மண் இருந்தால் மன்னன் இருந்தான். மன்னன் இருந்தால் மாண்பு இருந்தது. மாண்பு இருந்தால்தான் மானியம் வரும்! வரலாறு இல்லாத ஊர் என்று ஒன்று என் வட்டாரத்தில் இருக்குமானால், நாளை மேலிடம் என்னை அல்லவா கேட்கும்? உங்கள் வரலாறு எனக்குத் தேவை. ஆண்டு முடிவதற்குள் தேவை!"

கூட்டம் கைதட்டியது. தட்டிவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது.

மன்னர் இல்லாத ஊர்களுக்கு மன்னர் ஒதுக்குவதற்கு என்று தஞ்சாவூரில் ஒரு குழு உட்கார்ந்திருந்தது. ஆனால் வாகைப்புலத்தின் மனு போவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. ராஜராஜன் திருவையாற்றுப் பக்கத்திலேயே தீர்ந்துபோனார். ராஜேந்திரனை இரண்டு ஊர்கள் ஒரே நாளில் கேட்டு, கைகலப்பாகி, காலைப் பலகாரம் ஓர் ஊரில், இரவுத் தூக்கம் அடுத்த ஊரில் என்று பேசி முடித்தார்கள். வேதாரண்யம் சாலையில் இருந்த ஓர் ஊருக்குக் கடைசியில் ஒரு மன்னரின் மாமனார் கிடைத்தார். வாகைப்புலத்துக்குப் பாக்கி இருந்தது ஒரு குதிரை.

"யாரோட குதிரைங்க?" என்று கேட்டார் இராஜாங்கம்.

"சோழர் குதிரை. எந்தச் சோழர் என்பது அடுத்த நிதியாண்டில் தெரிவிக்கப்படும்" என்றார் எழிற்கோ.

குதிரை வந்ததோடு போதாது. அது ஓர் இடத்துக்கு வந்திருக்க வேண்டும். ஊரில் எல்லா இடமும் யாராவது ஒருவர் பயிர்செய்கிற இடமாக இருந்தது. அப்போது மிராசுதார் அம்பலவாணர் முன்வந்தார். நில உச்சவரம்புச் சட்டம் என்று ஒன்று வந்து, யார் கையில் எவ்வளவு நிலம் இருக்கலாம் என்று தாசில்தார் கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அம்பலவாணர் மகன்கள் பேரில் எழுதினார், மருமகள்கள் பேரில் எழுதினார், பிறகு ஆட்கள் தீர்ந்துபோய், பசுமாட்டின் பேரில் எழுத முடியுமா என்று வக்கீலைக் கேட்டதாகப் பேச்சு. பெரிய திடல் மட்டும் எந்தப் பேரிலும் ஒட்டாமல் நின்றது. வரலாற்றுச் சின்னம் இருக்கும் இடத்தை அரசாங்கம் தொடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

"எங்க முன்னோருங்க அந்தக் குதிரைக்குப் புல்லுப் போட்டவங்க" என்று மிராசுதார் எழிற்கோவிடம் சொன்னார். "பெரிய திடல்லதான் அது உசுர விட்டுச்சு. எங்க குடும்பத்துல வழிவழியா சொல்லிக்கிட்டு வர்றோம். நேத்துகூடச் சொல்லிக்கிட்டோம்."

"எப்படி உயிர் விட்டது?"

மிராசுதார் தம் பண்ணைக் காரியக்காரரைப் பார்த்தார். காரியக்காரர் இராஜாங்கத்தைப் பார்த்தார். இராஜாங்கம் ஊர் மணியக்காரரைக் கேட்டு வந்தார். பெரிய திடலில் நேர்ந்ததாக அவருடைய பிறப்பு இறப்புக் கணக்கில் எழுதி வைத்திருந்த சாவு ஒன்றே ஒன்றுதான்: 'கால் வழுக்கி விழுந்ததில் மரணம்.'

"சுருக்கமாக இருக்கிறது" என்றார் எழிற்கோ. "அதையே போடுங்கள்."

அம்சத்தின் சாவு அப்படித்தான் குதிரைக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரமே பாடம் வந்துவிட்டது. நான்காம் வகுப்பு அதைப் பாட்டாகவே பாடியது. பெரிய திடலில் இறந்தது யார்? சோழப் பேரரசின் குதிரை. எவ்வாறு இறந்தது? கால் வழுக்கி. ஊர்க் குயவர் இளையபெருமாளிடம் ஒரு குதிரைச் சிலை செய்யச் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்த குதிரை ஒன்றுதான், அய்யனார் கோயில் குதிரை. முன்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு, கழுத்தில் மணிமாலையோடு, பல்லைக் காட்டிக்கொண்டு அது திடலில் வந்து நின்ற அன்றே பெண்கள் சூடம் கொளுத்திவிட்டார்கள். எழிற்கோ பதறிப்போய் வந்தார். "இது பகுத்தறிவுக் குதிரை! வணங்கக் கூடாது, நினைக்கத்தான் வேண்டும்!" என்று சொல்லி, மணிமாலையை அரத்தால் தேய்த்து எடுக்கச் செய்தார். மணி போன பிறகு குதிரையின் முகத்தில் ஒரு சந்தேகம் தெரிந்தது.

அரையாண்டுத் தேர்வில் பொன்னுத்தாய் எழுதினாள்: 'பெரிய திடலில் இறந்தது எங்கம்மா அம்சம்.'

விடைத்தாள் எழிற்கோ வரைக்கும் போயிற்று. மருதையனை வட்டார அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான்.

"வரலாற்றோடு முரண்படுகிற மாணவியை ஐந்தாம் வகுப்புக்கு அனுப்ப விதி இடம் தராது" என்றார் எழிற்கோ. "ஆனால் இது இரக்கமுள்ள அரசு. உமக்காக நான் ஒரு வழி கண்டிருக்கிறேன். உம் மனைவியை விட்டுவிட வேண்டாம். சேர்த்துக்கொள்வோம்."

மருதையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லா இருப்பீங்க."

"ஒரு சிறு மாற்றம்தான். அவர் இறந்தது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு என்று நீர் ஒப்புக்கொள்ள வேண்டும். குதிரைக்குத் தண்ணீர் காட்டிய தமிழ்ப் பெண் என்று பாடத்தில் ஒரு வரி சேர்த்துவிடலாம். குதிரை வழுக்கியது, உடன் அவரும் வழுக்கினார்."

"அவ வழுக்கலீங்க. குண்டு பட்டுச் செத்தா."

"அங்கேதான் இந்த ஏற்பாட்டின் சிறப்பே இருக்கிறது. அந்தக் காலத்தில் துப்பாக்கி கிடையாது. ஆகவே குண்டு பட்டிருக்க முடியாது. உமக்கும் மன ஆறுதல், மிராசுதாருக்கும் மன ஆறுதல்."

மருதையன் வெகுநேரம் விரலை மடக்கிக்கொண்டிருந்தான். "ஆயிரம் வருஷத்துக்கு முன்ன செத்தவளுக்கு நாலாவது படிக்கிற புள்ள எப்படிங்க இருக்கும்?"

"அது கணக்குப் பாடம்" என்றார் எழிற்கோ. "நான் வரலாறு பற்றி மட்டும்தான் பேச முடியும்."

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. அவளை ஆயிரம் வருஷம் தள்ளி வைக்க அவனுக்கு மனம் வரவில்லை, தூரம் அதிகம். அப்படியானால், சிலைத் திறப்பு விழாவில் பொன்னுத்தாய் எல்லார் முன்னிலையிலும் சரியான விடையைச் சொல்ல வேண்டும், சொன்னால் தேர்ச்சி, சொல்லாவிட்டால் நான்காம் வகுப்பு என்று முடிவாயிற்று.

விழாவுக்கு முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் மருதையன் மகளை வாசலில் உட்கார வைத்து வரலாறு சொல்லிக்கொடுத்தான். பக்கத்து வீட்டு நாகம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய திடல்ல செத்தது யாரு?"

"எங்கம்மா."

"குதிரைன்னு சொல்லு."

"குதிரையும் செத்துச்சாப்பா?"

"ம்."

"அம்மாவுக்கு முன்னயா, பின்னயா?"

"முன்ன. ரொம்ப முன்ன."

"அப்பன்னா அம்மாவுக்குத் தெரியுமாப்பா, அங்க போயி ஒக்காந்தா செத்துப்போவோம்னு?"

மருதையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நாகம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நல்லா இருக்குய்யா நீ புள்ளைக்குச் சொல்லிக்குடுக்குற லச்சணம். பெத்தவள எடுத்துட்டுக் குதிரைய வைக்கிற."

"அஞ்சாவது போவட்டுங்கா. போனப்பறம் நெசத்தப் படிச்சுக்கட்டும்."

"அஞ்சாவதுல மட்டும் என்ன வச்சிருக்கான்? யானையா?"

அவன் மகள் பக்கம் திரும்பினான். "சொல்லு. செத்தது யாரு?"

"குதிரை."

"அதான். நல்லாச் சொல்லுற." அடுத்த கேள்வி இருந்தது. எவ்வாறு இறந்தது? அதற்கும் விடை இருந்தது. மருதையன் வாயைத் திறந்தான். கால் என்ற சொல் வரைக்கும் வந்தது. அடுத்த சொல் வரவில்லை. "மிச்சத்த வாத்தியாரு சொல்லிக்குடுப்பாரு, எந்திரி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனான்.

விழாவுக்குப் பெரிய திடலில் பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தார்கள். குதிரைக்கு மேலே பட்டுத்துணி போர்த்தியிருந்தது. முதலில் மணி அடித்ததும் குதிரைக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். மிராசுதார் அங்கவஸ்திரத்தால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அம்சம் விழுந்த அன்று அந்தத் திடலில் யாரும் ஒரு நிமிடம் நிற்கவில்லை, எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்று மருதையனுக்கு நினைவு வந்தது. நிற்பதற்கு ஒரு மணியோசை வேண்டும்போல.

எழிற்கோ பேசினார். "இந்தக் குதிரை இறந்தது ஏன்? நாட்டுக்காக! வழுக்கியது ஏன்? வளமான மண் என்பதால்! இந்த ஊரில் இதற்கு முன்னும் இதற்குப் பின்னும் எதுவுமே நடக்கவில்லை என்பதை நினைக்கும்போது, இந்தக் குதிரையின் தனிமை என் நெஞ்சைப் பிளக்கிறது!" பிறகு ஒலிபெருக்கியைத் தாழ்த்தி, பொன்னுத்தாயை அதன் முன்னால் நிறுத்தினார்கள். இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். மருதையன் கூட்டத்தின் கடைசியில், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"செல்வி பொன்னுத்தாய். பெரிய திடலில் இறந்தது யார்?"

"குதிரை."

கைதட்டல் எழுந்தது. இராஜாங்கம் மூச்சு விட்டார். மருதையன் தரையைப் பார்த்தான்.

"மிக நன்று. எவ்வாறு இறந்தது?"

பொன்னுத்தாய் திரும்பிக் குதிரையைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள். அவன் நிமிரவில்லை.

"சுட்டுட்டாங்க" என்றாள்.

ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது. நிகழ்ச்சி நிரலில் இல்லாத இன்னொரு மௌனம் வந்து நின்றது. எழிற்கோ ஆசிரியராக இருந்து ஆய்வாளரானவர். பிள்ளை ஒரு விடை சொன்னால் வாய் தானாக அடுத்த கேள்விக்குப் போய்விடும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. "யார் சுட்டது?" என்று கேட்டுவிட்டார்.

அவள் வாயைத் திறக்கும் முன்னால் மிராசுதார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"குதிரைய எவன்யா சுட்டான்? பரம்பரையா புல்லுப் போட்ட குடும்பத்துமேல பழி போடுறீங்களா? வாயில்லாச் சீவன நாங்க சுடுவமா? ஒரு குதிரைமேல துப்பாக்கியத் தூக்கியிருந்தா எங் கை அழுகிப்போயிரும்! அன்னிக்கி நான் சுட்டது..."

காரியக்காரர் பின்னாலிருந்து அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார். மிராசுதார் உட்கார்ந்தார். அங்கவஸ்திரம் காரியக்காரர் கையோடு வந்துவிட்டது.

"அன்னிக்கிச் சுட்டது எதைங்க?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து நாகம்மாள் குரல் கொடுத்தாள். "அதையும் சொல்லிட்டு ஒக்காருங்களேன், கேட்டுக்குறோம்."

"அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை, தாயே" என்றார் எழிற்கோ. பக்கத்தில் இருந்த எழுத்தரிடம் திரும்பி, "குதிரையைத் தாம் சுடவில்லை என்று மிராசுதார் பொதுமக்கள் முன்னிலையில் தெரிவித்தார். எழுதிக்கொள்ளும்" என்றார். எழுத்தர் எழுதிக்கொண்டார். கூட்டம் பழக்கத்தில் கைதட்டியது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் செய்தி பஸ் ஏறிவிட்டது. சோழர் குதிரையை யாரோ சுட்டுவிட்டார்கள் என்று நாகப்பட்டினத்தில் பேசிக்கொண்டார்கள். மன்னார்குடியில் சுவரொட்டி ஒட்டினார்கள்: 'தமிழ்க் குதிரையைச் சுட்டவன் எவன்?' தஞ்சாவூரில் ஓர் ஊர்வலம் போயிற்று. ஒரு கட்சி நீதி கேட்டது. இன்னொரு கட்சி, அதைவிடச் சத்தமாக, அதே நீதியைக் கேட்டது. இந்தக் குதிரை சிந்திய ஒவ்வொரு துளி ரத்தத்துக்கும் கணக்குக் கேட்காமல் உறங்க மாட்டோம் என்று மேடைகளில் பேசினார்கள். கடைசியில் அரசாங்கம் தலையிட்டு, ஒருநபர் விசாரணைக் குழு ஒன்றை வாகைப்புலத்துக்கு அனுப்பியது.

குழுவாக வந்த நபர் மரியாதையானவர். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, சாட்சிகளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். மருதையன் தன் ஆயுளில் முதன்முறையாக ஓர் அதிகாரிக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும், இத்தனை வருஷமாகச் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் மனதுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டான். பெரிய திடலில் நடந்தது என்ன என்று கேட்க ஓர் ஆள் வந்துவிட்டார்.

"சம்பவத்தன்று நீங்கள் குதிரையைப் பார்த்தீர்களா?"

"குதிரையத் தெரியாதுங்க. அம்சத்தத்தான் தெரியும். எம் பொண்டாட்டிங்க."

"குதிரைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?"

"ஒண்ணுமில்லீங்க. அவளைத்தான் சுட்டாங்க."

அந்த நபர் பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "எனக்குப் புரிகிறது, பெரியவரே. ஆனால் என் விசாரணை வரம்பு குதிரை வரைதான். மனிதர் என்றால் வேறு குழு போட வேண்டும்."

"எப்பங்க போடுவாங்க?"

"கோரிக்கை வலுக்க வேண்டும். குதிரைக்காகச் சுவரொட்டி ஒட்டினார்கள் அல்லவா, அப்படி." பிறகு, தணிந்த குரலில், "தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்று கேட்டார்.

மருதையன் குடித்தான். குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்தான். கழுவ வேண்டியதில்லை என்று அந்த நபர் சொன்னார். சொன்னதற்காக மருதையன் அவரை ரொம்ப நாள் நினைவில் வைத்திருந்தான்.

விசாரணை முடியும்வரை பொன்னுத்தாய் சொன்ன விடை சரியா தப்பா என்று யாரும் சொல்லக் கூடாது என உத்தரவு வந்தது. அதனால் அவள் தேர்ச்சியும் அடையவில்லை, தோற்கவும் இல்லை. வாகைப்புலம் பள்ளிக்கூடம் ஒரே நீளக் கூடம். நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு கீற்றுத் தட்டி. பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் இராஜாங்கம் அவளைத் தட்டியின் ஓரத்தில், ஒரு பக்கமும் சேராமல் உட்கார வைத்தார். இந்தக் காதில் நான்காம் வகுப்பு வாய்ப்பாடும் அந்தக் காதில் ஐந்தாம் வகுப்புச் செய்யுளும் விழ, அவள் இரண்டையும் எழுதிக்கொண்டாள். மழைக்காலம் முழுவதும் அப்படிப் போயிற்று.

பொங்கல் கழிந்து தீர்ப்பு வந்தது. குதிரை சுடப்படவில்லை. கால் வழுக்கி விழுந்ததிலேயே இறந்தது. மாணவியின் விடை தவறு. எழிற்கோவுக்குப் பதவி உயர்வு கிடைத்து மாவட்டத் தலைநகருக்குப் போனார். போகும்போது, மாணவி பொன்னுத்தாய் நான்காம் வகுப்புக்குத் திரும்பட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

காகிதம் வந்த அன்று சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு இராஜாங்கம் மருதையனை வரச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். "அந்தப் பக்கம் பிடிய்யா" என்றார். இருவருமாகத் தட்டியின் கட்டை அவிழ்த்து, தூக்கி, நான்காம் வகுப்புப் பக்கமாக நகர்த்தி, கூரையின் வேறு வளைக்கட்டையில் இழுத்துக் கட்டினார்கள்.

"இது எதுக்குங்க?"

"அங்க ஒழுகுது" என்றார் இராஜாங்கம். கூரையில் ஓட்டை எதுவும் மருதையன் கண்ணுக்குப் படவில்லை. வாத்தியார் அவன் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை இறுக்கினார். "யாராச்சும் கேட்டா, புள்ள எடம் மாறலன்னு நான் சத்தியமே பண்ணலாம்."

மறுநாள் காலை பொன்னுத்தாய் வந்து, வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்தாள். ஐந்தாம் வகுப்பு அவளிடம் வந்து சேர்ந்திருந்தது.

திடல் வரலாற்றுச் சின்னமாயிற்று. குதிரை அடுத்த புயலில் முன்கால்களை இழந்து, அதற்கடுத்த புயலில் தலையையும் இழந்தது. அதன் அடியில் பாடத்தைப் பொறித்து வைத்த கல் மட்டும் நிற்கிறது. கால் வழுக்கி என்ற எழுத்துக்குள் பாசி ஏறியிருந்தாலும் படிக்க முடிகிறது. நடவு முடிந்து வரும் பெண்கள் அந்த வழியாகத்தான், தலையில் சுமையோடு, பேசிக்கொண்டு, காலைப் பார்க்காமல் நடந்து போகிறார்கள். பெரிய திடல் மணல்மேடு. ஐப்பசி அடைமழை விடாமல் பெய்கிற நாளிலும் அங்கே தண்ணீர் நிற்பதில்லை, யாருக்கும் கால் வழுக்குவதில்லை.